பின்நவீன இங்கிலாந்தில் திருச்சபை: வடிவத்தை மாற்றினால் போதுமா?

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து, தம்மைக் கிறிஸ்தவர் என்று குறித்துக்கொண்டவர்கள் 46.2 விழுக்காடுதான். 2011இல் அது 59.3, 2001இல் எழுபதுக்கும் மேல். ‘மதம் எதுவும் இல்லை’ என்றவர்கள் 37.2 விழுக்காடு. இத்தனைக்கும் இங்கிலாந்தில் இருப்பது அரசு ஏற்ற சபை. மன்னருக்கு முடிசூட்டுவதே அந்தச் சபையின் தலைமைப் பேராயர்தான். நாடாளுமன்ற மேலவையில் 26 பேராயர்களுக்கு இடம் உண்டு. மேலே இவ்வளவு இருந்தும் கீழே ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் காலி.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 1960களில் குடும்பமும் பாலியல் ஒழுக்கமும் மாறியது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பு, பிள்ளைகளின் கால்பந்துப் பயிற்சி என்பார்கள். இறையியல் கல்லூரிக்காரர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: பின்நவீனத்துவம்.

தமிழில் இந்தச் சொல் சிறுபத்திரிகைகள் வழியாக வந்ததால், நமக்கு அது கதை எழுதும் முறை, கட்டுடைப்பு என்று இலக்கிய வாசனையோடு நினைவில் நிற்கிறது. சபைக்கு வந்த சிக்கல் அதுவல்ல. பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979இல் கனடாவின் கியூபெக் அரசுக்காக, அறிவின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பெருங்கதையாடல்கள்மீது, அதாவது எல்லாவற்றையும் விளக்கிவிடும் பெரிய கதைகள்மீது, நம்பிக்கை போய்விட்ட நிலையைத்தான் பின்நவீனம் என்கிறேன் என்று அதில் சொன்னார். பகுத்தறிவு மனிதனை விடுவிக்கும், வரலாறு ஓர் இலக்கை நோக்கிப் போகிறது என்பவைதான் அவர் முதலில் குறிவைத்த கதைகள். ஆனால் படைப்பில் தொடங்கி இறுதித் தீர்ப்பில் முடியும் கிறிஸ்தவத்தின் கதையைவிடப் பெரிய கதையாடல் ஐரோப்பாவில் வேறு எது? லியோதாரைப் படிக்காத பர்மிங்காம் பஸ் பயணியிடம் இதே எண்ணம் வேறு உருவத்தில் இருக்கிறது: “உங்களுக்கு அது உண்மை, சரி. எனக்கு வேறு.” இதில் சண்டைகூட இல்லை, கதவு மெதுவாகச் சாத்தப்படுகிறது, அவ்வளவுதான்.

இதைச் சபை எப்படி எதிர்கொள்வது என்று யோசித்தவர்களில், மேற்கத்திய இறையியலாளர்கள் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசும் பெயர் லெஸ்லி நியூபிகின். அவருடைய யோசனைக்கு வித்து விழுந்த இடம் காஞ்சிபுரம்.

1909இல் நியூகாசிலில் பிறந்த நியூபிகின், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனெரியாக 1936இல் சென்னை வந்தார். வந்த சில மாதங்களில் பஸ் விபத்தில் கால் நொறுங்கி ஊர் திரும்பினார். 1939இல் மறுபடியும் வந்து காஞ்சிபுரத்தில் ஊழியத்தைத் தொடங்கினார். தமிழ் கற்றார், தெருவில் நின்று தமிழில் பிரசங்கித்தார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை – ராமநாதபுரம் பேராயர், பிறகு 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர்.

காஞ்சிபுரத்தில் அவர் வாரம் ஒருமுறை ராமகிருஷ்ண மடத்துக்குப் போவார். துறவிகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உபநிடதமும் யோவான் எழுதிய சுவிசேஷமும் மாற்றி மாற்றிப் படிப்பார்கள். அந்தக் கூடத்துச் சுவரில் உலகின் பெரிய ஞானிகளின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அவற்றில் இயேசுவின் படமும் ஒன்று. கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடு நடக்கும். இளம் மிஷனெரிக்கு உடனே ஒன்று பட்டது: இவர்கள் இயேசுவைத் தங்கள் உலகப் பார்வைக்குள் ஒரு மூலையில் மாட்டிவிட்டார்கள், அவரால் அந்தப் பார்வைக்கு எந்த ஆபத்தும் இல்லை. அடுத்தது புரிய நாளாயிற்று. தானும் அதையே செய்திருக்கிறோம் என்று மெல்ல மெல்லத் தெரிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஐரோப்பியப் பகுத்தறிவின் சுவரில், அந்தச் சுவருக்குத் தொந்தரவு இல்லாத இடமாகப் பார்த்து, அவரும் ஓர் இயேசுவை மாட்டியிருந்தார்.

எனக்கு இந்தச் சம்பவம்தான் மொத்த விவாதத்துக்கும் திறவுகோலாகப் படுகிறது. ‘சபை பின்நவீனப் பண்பாட்டுக்கு ஏற்ப மாறலாமா’ என்று கேட்பவர்கள், இதுவரை அது எந்தப் பண்பாட்டுக்கும் ஏற்ப மாறாமல் இருந்தது போலவே கேட்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெஞ்சு வரிசை, அரை மணி நேரத் தர்க்கப் பிரசங்கம், அச்சிட்ட பாட்டுப் புத்தகம், ஆதாரம் காட்டி நிரூபிக்கும் விளக்கவுரை எல்லாமே நவீனத்துக்கு ஏற்ப அது செய்துகொண்ட மாற்றங்கள்தான். அந்த நவீனம் ஆட்டம் காணும்போது அதோடு ஒட்டியிருந்ததும் சேர்ந்து ஆடுகிறது.

1974இல் நியூபிகினும் மனைவியும் இரண்டு பெட்டிகளும் ஒரு முதுகுப் பையுமாகச் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் பெரும்பாலும் பஸ்களிலேயே தரைவழியாகப் போனார்கள். வழியில் துருக்கியின் கப்பதோக்கியா. நான்காம் நூற்றாண்டில் பெரிய இறையியலாளர்களைத் தந்த மண் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட ஆராதிக்க ஒரு கிறிஸ்தவர்கூடக் கிடைக்காமல் இருவரும் தனியாக ஜெபித்தார்கள். முழுப் பயணத்திலும் அப்படி நேர்ந்தது அங்கே மட்டும்தான். ஒரு சபை ஓர் இடத்தைவிட்டு அடியோடு மறைந்துபோக முடியும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவர் தாய்நாடு போய்ச் சேர்ந்தார்.

அங்கே போனால், இந்தியாவில் இருந்ததைவிட வேலை கடினமாக இருந்தது. பர்மிங்காமில் வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே, மூடிவிடலாம் என்று பேசப்பட்ட ஒரு சின்னச் சபையை எழுபது வயதில் ஏற்றுக்கொண்டார். வீடு வீடாகக் கதவைத் தட்டினார். ஆசியக் குடும்பம் என்றால் உள்ளே அழைத்து டீ கொடுத்துப் பேசுவார்கள். முஸ்லிம் வீடாக இருந்தால் சுவிசேஷத்தைப் பற்றியே விவாதிக்கவும் செய்வார்கள். வெள்ளையர் வீடு என்றால் பெரும்பாலும் கதவு மூடிக்கொள்ளும். எதிர்ப்பைவிட இந்த இளக்காரத்தை எதிர்கொள்வது கடினம் என்று எழுதினார். இந்தியாவிலிருந்து வந்ததில் எது சிரமம் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், இங்கே நம்பிக்கை மறைந்துவிட்டது என்பது. சென்னைக் குடிசைப் பகுதியில்கூட நாளை நன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது, வசதியான இங்கிலாந்தில் இல்லை என்றார்.

சரி, என்னதான் செய்யச் சொன்னார்? முதலில், இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காத ஒன்றைச் சொன்னார். நவீனம் உலகத்தை இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறது. ஒரு பக்கம் எல்லாருக்கும் பொதுவான ‘உண்மைகள்’, அறிவியல் அங்கே. மறுபக்கம் அவரவர் விருப்பத்துக்கு விட்ட ‘மதிப்பீடுகள்’, மதம் அங்கே. சபை இந்தப் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட்டு, கொடுத்த பங்கை வாங்கிக்கொண்டது. அறிவியல் வல்லுநரான மைக்கேல் பொலானியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நியூபிகின் வாதிட்டார்: எந்த அறிவும் நம்பிக்கையில்தான் தொடங்குகிறது. ஆய்வகத்தில் நிற்பவரும் தன் ஆசிரியரை, கருவியை, மரபை நம்பித்தான் முதல் அடி வைக்கிறார். ஆகவே கிறிஸ்தவர் தன் நம்பிக்கையை நிரூபித்துக் காட்டவும் வேண்டாம், ‘இது என் சொந்த விஷயம்’ என்று ஒளித்துவைக்கவும் வேண்டாம். இதை நம்பி வாழ்கிறேன், தவறாக இருக்கலாம் என்ற ஆபத்தோடுதான் சொல்கிறேன் என்று பொதுவெளியில் சொல்லலாம்.

அடுத்த பக்கத்துக்கும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள் கதையை மேற்கில் எல்லா மதமும் ஒன்றே என்று காட்டச் சொல்வார்கள். நியூபிகின் கேட்டார்: இந்தக் கதையில் அது யானை என்று யாருக்குத் தெரியும்? பார்த்துக்கொண்டிருக்கும் ராஜாவுக்கு. அப்படியானால் கதை சொல்பவர் குருடர்களில் ஒருவராகத் தன்னை வைத்துக்கொள்ளவில்லை, ராஜாவின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அடக்கம் பேசுகிறார். பெருங்கதையாடலே வேண்டாம் என்பதும் ஒரு பெருங்கதையாடல்தான் என்ற வாதத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

1989இல் வந்த நூலில் அவர் வந்து நின்ற முடிவு இது. பல நம்பிக்கைகள் கலந்து வாழும் சமூகத்தில் நற்செய்திக்கு ஒரே விளக்கவுரை, அதை நம்பி அதன்படி வாழும் ஒரு உள்ளூர்ச் சபைதான். வாதத்தில் ஜெயிப்பதோ, நிகழ்ச்சி நடத்துவதோ அந்த வேலையைச் செய்யாது. தமிழ்க் கிராமங்களில் நாலு பேர், பத்துப் பேர் என்று சிறுபான்மையாக, அதிகாரமில்லாமல் வாழ்ந்த சபைகளைப் பார்த்தவருக்கு இது இயல்பாக வந்திருக்கும். அதிகாரத்தோடே ஆயிரம் ஆண்டுக்கும் மேல் வாழ்ந்த ஆங்கிலச் சபைக்கு இது எளிதாகச் செரிக்கவில்லை.

அவர் 1998இல் மறைந்தார். அதற்கு முன்பே வேறொரு பாதையில் போனவர்கள் இருந்தார்கள். ஷெஃபீல்டில் 1986இல் ஒரு ஆங்கிலிக்கன் சபைக்குள் இரவு ஒன்பது மணி ஆராதனை ஒன்று தொடங்கியது. இருண்ட கூடம், பெரிய திரைகளில் வீடியோ, நைட் கிளப் இசை, கறுப்பு உடையில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள். கோயில் பக்கமே வராத வயதுக்காரர்கள் வந்தார்கள். சபைத் தலைமை மகிழ்ந்துபோனது. அதன் தலைவருக்குக் குருப்பட்டம்கூட அவசரமாகக் கொடுக்கப்பட்டது. 1995இல் அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகவும் மனரீதியாகவும் சுரண்டியது வெளிவந்து எல்லாம் சரிந்தது. 2025இல் லண்டனில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. வெளித்தோற்றம் எல்லாம் பின்நவீனம், உள்ளே நடந்ததோ கேள்வி கேட்க முடியாத ஒற்றை மனிதரின் ஆட்சி. அமெரிக்காவில் சோஃபாவும் மெழுகுவர்த்தியும் ராக் இசையுமாகக் கிளம்பிய புதுச் சபைகள் சிலவும் ஏறத்தாழ இந்த வழியில்தான் போயின. சியாட்டிலில் பல கிளைகளாக வளர்ந்த மார்ஸ் ஹில் சபை, தலைவரின் அடாவடிபற்றிய புகார்களுக்குப் பிறகு 2014 முடிவில் கலைக்கப்பட்டது.

இங்கிலாந்துச் சபை 2004இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊருக்கு ஒரு கோயில், ஒரு குருவானவர் என்ற சேகர முறை மட்டும் இனிப் போதாது. மக்கள் இப்போது தெருவைவிட வேலை, நட்பு, விருப்பம் சார்ந்த வட்டங்களில் வாழ்கிறார்கள். அந்த வட்டங்களுக்குள்ளேயே சபை முளைக்க வேண்டும் என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகளோடு சேர்ந்து ‘ஃப்ரெஷ் எக்ஸ்பிரஷன்ஸ்’ என்ற இயக்கம் பிறந்தது. காபிக் கடையில் சபை, ஸ்கேட்போர்டு மைதானத்தில் சபை என்று பலவகை. கேலி செய்தவர்களும் உண்டு, நானும் முதலில் சிரித்தவன்தான்.

ஆனால் ‘மெஸ்ஸி சர்ச்’ சிரிக்கும்படி இல்லை. அதே 2004இல் போர்ட்ஸ்மவுத்துக்குப் பக்கத்தில் கவ்ப்ளெய்ன் என்ற ஊரின் சபையில் ஆரம்பித்தது. பெரும்பாலும் மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பள்ளி விட்டதும் பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள். மேஜை மேஜையாகப் பசை, பெயிண்ட், அட்டை, களிமண். அன்றைய வேதாகமக் கதையை ஒட்டி எல்லாரும் எதையாவது செய்வார்கள். அப்பாக்களும் கை அழுக்காகாமல் தப்ப முடியாது. அப்புறம் கதை, பாட்டு, ஜெபம் என்று ஒரு குட்டி ஆராதனை. கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பாடு. இது பல நாடுகளுக்குப் பரவியது. இதில் யாரும் உட்காரவைத்து எதையும் நிரூபிப்பதில்லை. முதலில் சேர்ந்து இருக்கிறார்கள், பிறகு நம்பலாமா என்று யோசிக்கிறார்கள். பழைய வரிசை இதற்கு நேரெதிர்: நம்பு, ஒழுங்காக நட, அப்புறம் எங்களோடு சேர். பின்நவீன மனநிலைக்கு உண்மையிலேயே பொருந்திய மாற்றம் இந்த வரிசை மாற்றம்தான் என்று நினைக்கிறேன். இது பெரிய கண்டுபிடிப்பும் இல்லை. பந்தியில் உட்காரவைத்துவிட்டு அப்புறம் பேசுவது இயேசுவின் பழக்கமாகச் சுவிசேஷங்களிலேயே இருக்கிறது.

குறைகளும் வெளிப்படையானவை. ‘நம்மைப் போன்றவர்களுக்கு’ என்று வட்டம் வட்டமாகச் சபை வைத்தால், பணக்காரரும் ஏழையும், கிழவரும் குழந்தையும் ஒரே திருவிருந்து மேஜைக்கு வருவது என்னாகும்? 2010இல் இறையியலாளர்கள் ஆண்ட்ரூ டேவிசனும் அலிசன் மில்பேங்கும் இதைத்தான் கடுமையாகக் கேட்டார்கள். விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் நுகர்வோரை உருவாக்கும் சந்தையை எதிர்க்க வேண்டிய சபை, தானும் ஒரு கடை போட்டுவிட்டது என்பது அவர்கள் வாதம். 2019 கோடையில் நாரிச் பேராலயத்தின் நடு மண்டபத்தில், திருவிழாவில் வைக்கும் சுழல் சறுக்குக் கோபுரம் ஒன்று நிறுத்தப்பட்டது. ராச்செஸ்டர் பேராலயத்தில் ஒன்பது குழி மினி கோல்ஃப். நாரிச்சில் மேலே ஏறினால் மண்டபக் கூரையின் செதுக்கல்களை அருகே பார்க்கலாம் என்று காரணம் சொன்னார்கள். கூட்டம் வந்தது, படம் எடுத்தது, போனது.

வேடிக்கை என்னவென்றால், அதே பேராலயங்களில் எந்த மாற்றமும் செய்யாத ஒன்றுக்கும் ஆள் வருகிறது. வார நாள் மாலை ஆராதனை அது. பதினாறாம் நூற்றாண்டு மொழி, பாடகர் குழுவின் சங்கீதம், முக்கால் மணி நேரம். வந்தவர் பாட வேண்டியதில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். நம்பிக்கை பாதி, சந்தேகம் பாதியாக இருப்பவருக்கு அந்தத் தூணின் மறைவு, கையைப் பிடித்து வரவேற்கும் எந்தப் புதுச் சபையைவிடவும் சௌகரியம். பிரான்ஸில் தேஸே என்ற துறவியர் சமூகத்துக்குப் போகும் இளைஞர்களும் குறுகிய பாட்டு, நீண்ட மௌனம் இரண்டுக்காகத்தான் போகிறார்கள். பழையது என்றாலே பின்நவீன மனிதர் ஓடிவிடுவார் என்ற கணக்கு தப்பு. அதிகாரமாக வரும் பழையதைப் பார்த்துத்தான் அவர் ஓடுகிறார்.

இந்த விவாதமே தொடாத இன்னொரு இங்கிலாந்தும் உண்டு. 2005க்கும் 2012க்கும் இடையில் லண்டனில் ஞாயிறு ஆராதனைக்கு வருவோர் சுமார் 16 விழுக்காடு கூடியதாக ஒரு சபைக் கணக்கெடுப்பு காட்டியது. பெரும்பகுதி ஆப்பிரிக்க, கரீபிய, பிற புலம்பெயர்ந்தோர் சபைகளின் வளர்ச்சி. ஆங்கிலேயர் காலி செய்த கோயிலை மதியத்துக்குப் பிறகு வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தும் தமிழ்ச் சபைகளும் அங்கே உண்டு. இவர்கள் யாரும் லியோதாரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படித்து வளரும்போது அதே கேள்வி வீட்டுக்குள் வரும் என்பது வேறு விஷயம்.

நியூபிகின் சொன்னதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. சபையின் வாழ்க்கைதான் நற்செய்திக்கு விளக்கம் என்றால், அந்த வாழ்க்கை அழுகியிருந்தால்? 1940கள் முதல் 2018 வரை குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் 390 பேர் இங்கிலாந்துச் சபையின் குருக்களோ அதோடு தொடர்புடைய பொறுப்பில் இருந்தவர்களோ என்று அந்நாட்டின் பொது விசாரணை 2020இல் பதிவு செய்தது. 2024 நவம்பரில் மேக்கின் அறிக்கை வந்தது. கிறிஸ்தவ முகாம்கள் வழியாக அறிமுகமான சிறுவர்களைப் பல ஆண்டுகள் அடித்துத் துன்புறுத்திய ஒருவரைப் பற்றிச் சபைத் தலைமைக்குத் தெரிந்தும் போதுமான நடவடிக்கை இல்லை என்று அது காட்டியது. சில நாட்களில் கேன்டர்பரி தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். நம் பக்கமும் பார்க்கலாம். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த விளக்கவுரையைப் பார்க்கும் பக்கத்துத் தெருக்காரர் நற்செய்தியைப் பற்றி என்ன புரிந்துகொள்வார்?

‘இது உண்மையா’ என்ற கேள்வி இன்று இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் கேட்கப்படுவது ‘இதைச் சொல்லும் உங்களை நம்பலாமா’ என்பது. மாறிய பண்பாட்டில் சபைக்கு உண்மையாகவே புதிதாக இருப்பது இந்த வரிசைதான். இதற்கு மெழுகுவர்த்தியும் பதில் இல்லை, பழைய ஆர்கனும் பதில் இல்லை. புகார் வந்தால் யார் விசாரிப்பது, குருவானவரைக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை, கணக்குப் புத்தகத்தை யார் பார்க்கலாம் என்ற, பிரசங்கத்தில் வராத சங்கதிகள்தான் இப்போது இறையியல். இங்கிலாந்துச் சபையில், பாதுகாப்பு விவகாரங்களை முழுக்க வெளியார் கையில் கொடுப்பதா என்பதே ஆண்டுக்கணக்கில் விவாதமாக ஓடியிருக்கிறது.

ஆனால் பணம் போகும் திசை வேறு. புதுச் சபைகளை வளர்க்க 2014 முதல் ஒதுக்கிய சிறப்பு நிதியை 2022இல் ராபர்ட் சோட் தலைமையிலான குழு ஆராய்ந்தது. திட்டங்கள் சேர்ந்து வாக்களித்திருந்த புதிய விசுவாசிகள் ஏறத்தாழ 89,000. 2021 முடிவுவரை கணக்கில் வந்தவர்கள் சுமார் 12,700. கோவிட் நடுவில் வந்தது, பல திட்டங்கள் பாதியில் இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் எழுபது வயதுக்காரர் ஒருவர் சிறைக்கு எதிரே கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்த சபை, ஐந்தாண்டில் இத்தனை ஆள் என்று எழுதிக் கேட்கும் நிதிக்கு விண்ணப்பித்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். இப்போதைய இலக்கு 10,000 புதிய சபைக் குழுக்கள், 2030க்குள். அவற்றில் எத்தனை பத்து ஆண்டுக்கு மேல் ஒரே தெருவில் தங்கியிருக்கும் என்பதை 2030இல் எண்ணிப் பார்க்க வழியில்லை.